சூளைக்கு எவ்வளவு அருகில்?
மங்கலம்பேட்டை - விருத்தாசலம் வட்டாரத்தில் தொழில் பழகுதல் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டைப் பேரூராட்சி. இங்கே பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ பட்டயப் படிப்போ முடித்து நிற்கும் பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று திசைகள் உண்டு. ஒரு பக்கம் விருத்தாசலம்: ரயில் சந்திப்பு, அரசு கலைக் கல்லூரி, செராமிக் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் நெய்வேலி: 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், ஆண்டுதோறும் அது எடுக்கும் தொழிற்பழகுநர்கள். மூன்றாவது, உளுந்தூர்பேட்டையில் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போவது. எந்தத் திசையில் போனாலும் முதலில் காதில் விழும் சொல் ஒன்றுதான்: "அனுபவம் இருக்கா?"

அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு அனுபவம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க அரசும் கல்லூரிகளும் பயிற்சி நிறுவனங்களும் இப்போது முன்வைக்கும் தீர்வு, இளைஞரின் திறனை வளர்ப்பது. நேர்முகத் தேர்வில் பேசுவது எப்படி, சுயவிவரம் எழுதுவது எப்படி, குழுவாக வேலை செய்வது எப்படி என்று பாடங்கள் நடக்கின்றன. அவை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு முன்முடிவு இருக்கிறது. திறன் என்பது தனி ஆளுக்குள் இருக்கும் பொருள், குறைந்தால் வெளியிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்பதே அது.

இந்தக் கட்டுரை அந்த முன்முடிவைச் சோதிக்கிறது. பணித்திறன் எங்கே உருவாகிறது? கற்பவரிடமா, கற்க இடம் கொடுக்கும் பணியிடத்திலா? இதை விசாரிக்க விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைவிடப் பொருத்தமான களம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை. தொழிலும், அதற்கென்றே அரசு நடத்தும் பட்டயக் கல்லூரியும், வேலை தேடும் இளைஞர்களும் ஒரே ஊரைச் சுற்றி இருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கத்துக்குப் பிறகும் கற்றல் நிகழவில்லை என்றால், அதற்குக் காரணம் தூரமாக இருக்க முடியாது.

2. 'தகுதியற்றவர்கள்' என்ற கணக்கு

இந்திய இளைஞர்களின் திறன் பற்றிய பேச்சில் அதிகம் புழங்கும் எண் ஒன்று உண்டு. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, இளைஞர்களில் 51.25 விழுக்காட்டினரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்ற மதிப்பீட்டை எடுத்தாண்டது. பாதிப் பேர் கல்லூரியை விட்டு வந்தவுடன் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்பது அதன் விளக்கம். இதற்கு முன்பே, 2005-இல், மெக்கின்சி ஆய்வு நிறுவனம் இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரே பன்னாட்டு நிறுவனங்களில் வேலை செய்யத் தக்கவர் என்று சொல்லியிருந்தது. இந்த எண்கள் மேடைப் பேச்சுகளிலும் தலையங்கங்களிலும் திரும்பத் திரும்ப வந்து, சான்று என்ற நிலையிலிருந்து பொது அறிவு என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டன.

51.25 என்பது ஒரு தேர்வின் விளைவு. எண் திறன், மொழி, கணினி அறிவு போன்றவற்றில் கேள்விகள் கேட்டு, மதிப்பெண்ணில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே இருப்பவரைத் தகுதியுள்ளவர் என்கிறார்கள். தேர்வு எழுதியவர் சூளை எரிக்கவோ இயந்திரத்தைச் சீர்செய்யவோ கற்றுக்கொள்வாரா என்பதை அது அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. அதே ஆய்வறிக்கை தரும் இன்னொரு தகவல் இதைவிட முக்கியமானது, ஆனால் அதிகம் பேசப்படாதது. 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 விழுக்காட்டினர்; முறைசாரா வழிகளில் கற்றவர்கள் 16.6 விழுக்காட்டினர். தொழில் தெரிந்த இளைஞர்களில் பெரும்பான்மையினர் அப்பாவிடமோ மாமாவிடமோ மேஸ்திரியிடமோ பட்டறையில் நின்று கற்றவர்கள் என்றுதான் இதற்குப் பொருள். ஆனால் நம் கொள்கை விவாதத்தில் பேசப்படுவது ஏறக்குறைய முழுதும் அந்த 4.4 பற்றியே.

படிப்புக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவும் எளிதானதாக இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024-ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு. படிக்காதவருக்குத் திறன் மிகுதி என்று இதை யாரும் வாசிக்க மாட்டார்கள். காத்திருக்க வசதியில்லாதவர் கிடைத்ததைச் செய்கிறார். படித்தவர் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கும்வரை காத்திருக்கிறார். அப்படிப்பட்ட வேலைகளோ குறைவு. வேலை குறைவாக இருப்பதை ஆளின் திறன் குறைவாக மாற்றிச் சொல்வது சுலபம், ஏனென்றால் அப்போது பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. அமெரிக்காவில் பீட்டர் கப்பெல்லி 2012-இல் எழுதிய நூலில் இதே வாதத்தை வைத்தார். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் நிறுவனங்கள் பல, தாங்களே பயிற்சி கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டவை என்பது அவர் சொன்னது. தமிழ்நாட்டுச் சூழலுக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே சிறு தொழில்கள் முறையான பயிற்சியை என்றைக்கும் தொடங்கியதே இல்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி இங்கும் கேட்கத்தக்கது.

3. அச்சும் அனலும்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் வந்ததற்கு மண்ணே காரணம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே உள்ள படிவுகளை அகற்றும்போது களிமண்ணும் வெளிவருகிறது. மண் கிடைத்தது, அதை ஒட்டி அரசு தொழிற்பேட்டை அமைத்தது, தொழில் வணிகத் துறையின் கீழ் செராமிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்புக்கு ஒரு நிறுவனமும் வந்தது. மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள், ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள், கார்த்திகைக்கான அகல் விளக்குகள் என்று பல பொருள்கள் இங்கே தயாராகின்றன.

இந்தத் தொழிலில் கற்க என்ன இருக்கிறது என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் கட்டுரையின் வாதம் நிற்காது. ஒரே ஒரு வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். பொம்மை வார்க்கும் வேலை அது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை அரைத்துத் தண்ணீர் விட்டுக் கூழாக்குகிறார்கள். 'ஸ்லிப்' என்று சொல்லப்படும் அந்தக் கூழில் கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் சேர்ப்பார்கள். தண்ணீர் அதிகம் சேர்க்காமலே கூழ் நன்றாக ஓட அது உதவும். சேர்மானம் குறைந்தால் கூழ் கெட்டியாகி அச்சின் மூலைகளுக்குப் போகாது. மிஞ்சினாலும் கெடுதல்தான்: வார்ப்பு சரியாக இறுகாது, அச்சும் சீக்கிரம் அரிக்கும். கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றியதும் அச்சு தண்ணீரை உறிஞ்சத் தொடங்குகிறது; சுவரை ஒட்டி மண் படிந்து தடிக்கிறது. போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும்.

போதிய கனம் எப்போது வரும்? புத்தகம் நிமிடக் கணக்குச் சொல்லும். ஆனால் காலையில் காய்ந்திருந்த அச்சு நான்காவது வார்ப்புக்கு ஈரமாகியிருக்கும். அப்போது அதே கனத்துக்கு நேரம் கூடும். மழை நாளில் இன்னும் கூடும். கார்த்திகை விளக்குக்கான அவசரமும் வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வார்ப்பவர் அச்சின் வாயோரத்தில் கூழின் மட்டம் இறங்குவதையும், ஓரத்தில் படிந்த மண்ணின் கனத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார். இத்தகைய பார்வையை மைக்கேல் பொலானி 1966-இல் எழுதிய நூலில் சொல்லாமல் அறியும் அறிவு என்ற வகையில் வைத்தார். நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம்.

சூளையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எரிமானம் போதுமா என்று பார்க்க, குறிப்பிட்ட வெப்பத்தில் வளையும்படி செய்த சிறு கூம்புகளைச் சூளைக்குள் வைப்பது பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் செகர் வகுத்த முறை இது. எட்டிப் பார்க்கும் துளை வழியாகக் கூம்பு வளைவதையும் உள்ளே இருக்கும் நிறத்தையும் பார்த்து எரிப்பவர் தீயைக் கூட்டுவார், குறைப்பார். இப்போது பல இடங்களில் வெப்பமானி எண் காட்டுகிறது. ஆனால் எண் ஓரிடத்து வெப்பத்தை மட்டுமே சொல்லும். எவ்வளவு நேரம் அந்த வெப்பம் பொருளுக்குள் இறங்கியது என்பதைக் கூம்புதான் காட்டும்.

அதற்காகப் படிப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. பட்டயம் முடித்து வருபவரை 'ஏட்டுச் சுரைக்காய்' என்று ஒதுக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு, அது அநியாயம். குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரி செல்சியஸில் வடிவம் மாறிச் சட்டென்று சுருங்கும். சூளையை ஆறவிடும்போது அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால், வெளியே எடுத்த பொருளில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். அனுபவசாலி அவசரப்படாதே என்பார். ஏன் என்று படித்தவருக்குத் தெரியும். மண்ணின் சேர்மானம் மாறினால், குவார்ட்ஸ் அளவு கூடினால், ஆறவிடும் நேரத்தையும் மாற்ற வேண்டும் என்பதைக் காரணம் தெரிந்தவரால்தான் முன்கூட்டியே சொல்ல முடியும். மெருகுப் பூச்சு வெடிப்பதும் இப்படித்தான். மண் உடலும் பூச்சும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கினால் வெடிப்பு வரும்; சில சமயம் சரக்கு கடைக்குப் போய்ப் பல நாள் கழித்து வரும். சூளை எரிப்பவர் மீது பழி போடுவதா, பூச்சுக் கலவையைத் திருத்துவதா என்று தீர்மானிக்கக் கண்பார்வையும் வேண்டும், கணக்கும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர, அந்த ஆள் சூளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

4. எங்கே நிற்கவைக்கிறார்கள்

ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991-இல் வெளியிட்ட ஒரு சிறு நூல், தொழில் பழகுதல் பற்றிய ஆய்வுகளின் போக்கையே மாற்றியது. லைபீரியத் தையற்காரர்கள், மெக்சிகோவின் யுகத்தான் மருத்துவச்சிகள் முதலியோரிடம் நடக்கும் கற்றலை அவர்கள் ஒப்பிட்டார்கள். கற்றல் என்பது ஒரு குழுவின் வேலையில் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மையத்துக்கு நகர்வது என்பது அவர்கள் முடிவு. இந்த நூலைப் புகழ்பவர்கள் தையற்காரர்களைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகத் தோன்றுவது தோல்வியடைந்த எடுத்துக்காட்டு: அமெரிக்க அங்காடிகளின் இறைச்சிப் பிரிவில் பழகுநர்களாக இருந்தவர்களின் கதை. ஹன்னா மீரா மார்ஷல் செய்த கள ஆய்விலிருந்து அதை எடுத்தார்கள். அங்கே பழகுநர்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். தேர்ந்தவர்கள் இறைச்சியை அறுக்கும் இடம் அவர்கள் கண்ணில் படாதபடி அறையின் அமைப்பு இருந்தது. பொட்டலம் கட்டுவதில் அவர்கள் வல்லவர்களானார்கள். அறுக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இதில் பழகுநரின் ஆர்வமோ பேச்சுத் திறனோ குறையாக இல்லை. நின்ற இடம் குறையாக இருந்தது. இன்று இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடப்பதில் எவ்வளவு பங்கு பொட்டலம் கட்டுவது என்று நாம் கேட்க வேண்டும். செராமிக் அலகில் அதன் வடிவம் வேறு: வார்த்த பொருளின் ஓரத்தைச் சீவுவது, பலகையில் அடுக்குவது, அட்டைப் பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டுவது. அலுவலகத்தில் அது நகல் எடுப்பதும் எக்செல் தாளில் எண் நிரப்புவதும். இந்த வேலைகளிலும் கற்க உண்டு. சீவுபவர் விரலால் வார்ப்பின் கனத்தை உணர்கிறார்; எந்த அச்சு தேய்ந்திருக்கிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். ஆனால் பயிற்சிக் காலம் முழுதும் அங்கேயே நிறுத்தினால், அந்த அறிவு அடுத்த படிக்குப் போகாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிறு அலகின் உரிமையாளருக்கு ஒரு சூளை எரிமானம் கெட்டால் எரிபொருளும் மண்ணும் கூலியும் ஒன்றாகப் போகும். பழகுநரிடம் சூளையைக் கொடுப்பது அவருக்குப் பெரிய துணிச்சல். மேலும், நன்கு கற்றுக்கொண்டவர் ஓராண்டில் குஜராத்தின் மோர்பிக்கோ வேறு பெரிய ஆலைக்கோ போய்விடுவார். பயிற்சிக்கான செலவு இவருடையது, பலன் இன்னொருவருடையது. இது கற்பனை பயமல்ல. அதனால்தான் தனி உரிமையாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொழிற்பயிற்சியைக் கட்ட முடியாது என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் 1969-இலேயே தொழிற்பயிற்சிக்கென்று தனிச் சட்டம் வந்தது. அங்கே பழகுநருக்கு மட்டுமல்ல, கற்றுக்கொடுப்பவருக்கும் தகுதி வரையறுக்கப்பட்டிருக்கிறது.

5. சட்டம் தருவதும் தராததும்

இந்தியாவில் தொழிற்பழகுநர் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2014-இல் சட்டமும் 2019-இல் விதிகளும் பெரிய அளவில் திருத்தப்பட்டன. 2019 விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள நிறுவனம், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்கக் கடமைப்பட்டது. நான்கு முதல் இருபத்தொன்பது பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். உதவித்தொகை, படிப்புக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை குறைந்தபட்சமாக வகுக்கப்பட்டது. பட்டயம் பெற்றவருக்கு ரூ.8,000. 2025-இல் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் இதை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது.

விருத்தாசலத்துக்கு இதில் முக்கியமானது அந்த முப்பது என்ற எண். தொழிற்பேட்டையின் அலகுகள் பெரும்பாலும் சிறியவை. சட்டத்தின் கட்டாயம் பெரிய ஆலையின் வாசலில் நின்றுவிடுகிறது. தொழிலை மிக அருகில் பார்த்துக் கற்கக்கூடிய சிறு பட்டறைக்குள் அது வருவதில்லை.

அடுத்தது பழகுநரின் தகுநிலை. சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநர் ஒரு பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு பொதுவாக அவருக்கு இல்லை. ஆனால் உடல்நலம், பாதுகாப்பு, நலன் பற்றிய விதிகள் 14-ஆம் பிரிவின் வழியே அவருக்கும் பொருந்தும். வேலையில் காயம்பட்டால் இழப்பீட்டுக்கு 16-ஆம் பிரிவு வழி செய்கிறது. இதைப் பீங்கான் தொழிலில் பழகுபவர் தெரிந்திருக்கவே வேண்டும். குவார்ட்ஸ் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் வரும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அந்த நுண்தூளைத் தடுக்காது. உலர்ந்த தூளைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைப்பதும், அரைக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்பதும் முதல் வாரத்திலேயே கற்க வேண்டிய பணித்திறன். நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்யும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்தபின் வேலை? 22-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் தவிர வேலை கொடுக்க நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை. 2014 திருத்தம், பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று கொள்கை வகுக்க வேண்டும் என்பதோடு நின்றது. உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், மற்றவை சமமாக இருந்தால் பயிற்சி முடித்த பழகுநருக்கு நேரடி நியமனத்தில் முன்னுரிமை தர வேண்டும் என்றது. 'மற்றவை சமமாக' என்ற நிபந்தனையைச் சுற்றித்தான் அதன்பின் வந்த வாதங்களெல்லாம். நெய்வேலியில் பழகுநர் பயிற்சி முடித்தவர்கள் நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் போராட்டங்கள் இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை. பயிற்சியை வேலைக்கான வாசல் என்று இளைஞர் நம்புகிறார். சட்டமோ அதைப் பயிற்சி என்ற அளவில் முடித்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைச் சேரும் நாளிலேயே எடுத்துச் சொல்வது பயிற்சி தரும் நிறுவனத்தின் கடமை.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டமும் இங்கே ஒப்பிடத்தக்கது. 21 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாட்டின் முதல் 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் ரூ.5,000 என்பது தொடங்கியபோது இருந்த திட்டம். முன்னோட்டத்தின் முதல் சுற்றில் 82,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போயின. ஏற்றவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். இதை இளைஞர்களின் அக்கறையின்மை என்று வாசிப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் சென்னைப் புறநகரில் அறை எடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, பேருந்துக்கும் கொடுத்துவிட்டு அந்த ஐயாயிரத்தில் ஒரு மாதத்தை ஓட்ட முடியுமா? வீட்டில் பணம் உள்ளவரே பயிற்சி பெற முடியும் என்றால் அது திறனை வளர்க்கும் திட்டமாக இருந்தாலும் வாய்ப்பைப் பரப்பும் திட்டமாக இராது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள பட்டறைக்கு இதனால்தான் தனி மதிப்பு. பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த மதிப்பு இன்னும் அதிகம்.

6. சுருங்கும் தொழிலைக் கற்பதா?

நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டு மின்பலகைகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டையின் இடத்தை எம்.சி.பி. என்ற தானியங்கி மின்துண்டிப்பான் பிடித்துவிட்டது. மின்கம்பங்களில் பாலிமர் இன்சுலேட்டர்கள் வருகின்றன. தரை ஓட்டுச் சந்தை குஜராத்தின் மோர்பியிடம் போய்விட்டது. அகல் விளக்குக்கும் கொலு பொம்மைக்கும் பருவகாலத் தேவை மட்டும். இப்படியிருக்க, இளைஞரைச் சூளைப் பக்கம் அனுப்பு என்பது பழம்பெருமை பேசுவதாகாதா?

என் விடை இரண்டு பகுதி கொண்டது. பொருள் மாறினாலும் பொருளின் அறிவியல் மாறவில்லை. இரும்பு ஆலைகளின் உலைகளுக்கு வெப்பந்தாங்கும் கற்கள் வேண்டும். இயந்திரங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் அலுமினா பாகங்கள் வேண்டும். அங்கெல்லாம் கேட்பது சுருக்கக் கணக்கு, எரிமான வரைபடம், துளைமை, விரிசலின் காரணம் ஆகியவற்றைத்தான். விருத்தாசலத்தில் பட்டயம் படிப்பவர் அதைப் பொம்மைச் சூளையில் கற்றிருந்தாலும் வேறு உலைக்குக் கொண்டுபோக முடியும், காரணத்தோடு கற்றிருந்தால்.

மற்றொன்று, செராமிக்குக்கே போகாதவர்களைப் பற்றியது. மங்கலம்பேட்டைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைக்கணக்கிலும் மருத்துவமனையிலும் கைப்பேசிச் சேவையிலும் கிடங்கிலும்தான் முதல் வேலையைத் தொடங்குவார்கள். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கியபின் கல்லூரிகளில் திறன் வகுப்புகள் பெருகியிருப்பது நல்லதே. ஆனால் மென்திறன் என்று சொல்லிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் தன்னை விற்கும் பேச்சாக இருக்கிறது. பணியிடத்தில் உண்மையில் ஆளைத் தாங்குவது வேறு வகைப் பேச்சு. "இந்தப் பலகையில் இருக்கிற நாலும் விரிஞ்சிருக்கு, ஐயா. காலையில ரெண்டாவது அச்சுல வார்த்தது" என்று தவற்றை அதே நாளில், இடமும் நேரமும் சொல்லி மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கத் தெரிவது பெரிய திறன். அதைவிடப் பெரிது, அப்படிச் சொன்னவரைத் திட்டாத பட்டறை. திட்டு வாங்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் மறுமுறை வாய் திறக்காது. விரிசல் சரக்கு பெட்டிக்குள் போகும். தொடர்புத் திறன் என்று நாம் தனி ஆளுக்கு மதிப்பெண் போடுவது, பாதிக்கு மேல் அந்த இடத்தின் குணம்.

7. கேட்க வேண்டியவை, செய்யக்கூடியவை

இவ்வளவு சொன்னபின், பயிற்சிக்குப் போகும் ஒருவர் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாக இராது. சேருமுன் ஒப்பந்தம் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் சான்றிதழும் இல்லை, காயத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கேள்விக்குறி. எத்தனை மாதம் எந்தப் பிரிவில் என்று எழுத்தில் கேட்க வேண்டும்; வார்ப்பு, பூச்சு, சூளை, சோதனை என்று சுழற்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழகுநரின் முன்னேற்றத்தை நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லும் துணிச்சல் பதினெட்டு வயதில் எல்லாருக்கும் வராது. அதனால் தன் பங்குக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம்: இன்று எந்த மண், எந்த அச்சு, வானிலை எப்படி, எவ்வளவு நேரம் விட்டோம், எது கெட்டது, யார் என்ன காரணம் சொன்னார். ஓராண்டு எழுதிய அந்த நோட்டு, அடுத்த இடத்தில் 'அனுபவம் இருக்கா' என்ற கேள்விக்கு எந்தச் சுயவிவரத்தையும்விட நன்றாகப் பதில் சொல்லும்.

ஆனால் மாணவர் தலையில் மட்டும் இதை ஏற்றினால், இந்தக் கட்டுரை எதைக் குறை சொன்னதோ அதையே செய்ததாகும். தொழிற்பழகுநர் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் அதிகம் பயன்படாத வழி ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து, பழகுநர்களைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பயிற்சி தரலாம் என்று அது அனுமதிக்கிறது. ஒரே வளாகத்தில் அலகுகள் அடுத்தடுத்து இருக்கும் விருத்தாசலம் தொழிற்பேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அச்சு செய்வதில் தேர்ந்த அலகில் மூன்று மாதம், இன்சுலேட்டர் அழுத்தும் அலகில் மூன்று மாதம், சூளை நன்றாக எரிக்கும் அலகில் மூன்று மாதம் என்று ஒருவர் சுற்றிவரலாம். தனி அலகில் நான்கைந்து பேர் மட்டும் இருந்தாலும், சேர்ந்து செய்தால் ஓர் ஆலைக்கு நிகரான பயிற்சி கிடைக்கும். ஆள் வேறிடம் போய்விடுவார் என்ற பயமும் பகிரப்படும், ஏனென்றால் செலவும் பகிரப்படுகிறது.

இதற்கு நடுவில் நிற்க ஓர் அமைப்பு வேண்டும். ஊரிலேயே அரசு செராமிக் நிறுவனம் இருக்கிறது. அதன் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை அலகுகளுக்குப் போய்ப் பழகுநரின் நோட்டைப் படித்து, விரிசலின் காரணத்தை எரிப்பவரோடும் பழகுநரோடும் உட்கார்ந்து பேசலாம். எரிப்பவருக்கும் அதற்காக ஒரு தொகை கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுப்பது கூலியில்லாத உபகாரமாக இருக்கும்வரை அது அவசர நாட்களில் முதலில் நின்றுபோகும். கடைசியாக, கெட்டுப்போகும் எரிமானத்தின் செலவு. பழகுநர் தன் கையால் ஒரு சூளை எரிக்காமல் எரிக்கக் கற்க முடியாது. முதல் எரிமானம் சரியாக வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த ஒரு எரிமானத்தைத் தனி அலகின் வணிகச் சரக்கின் மீது வைக்காமல், அரசின் பயிற்சிச் சூளையில், சோதனைச் சரக்கோடு, ஒவ்வொரு பழகுநருக்கும் ஒன்று என்று ஒதுக்கிவிடலாம். திறன் மேம்பாட்டுக்கென்று இப்போது வகுப்பறைகளுக்குப் போகும் தொகையில் ஒரு பகுதியை எரிபொருளுக்கும் மண்ணுக்கும் திருப்பினால் போதும்.